வீட்டுப் பத்திரங்களைக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக வைப்போம்

(நமது அறக்கட்டளையின் கணினிப் பயிற்சி வகுப்பு நிறைவு நாளில், ஆனைமலையில் பயிற்சி ஆசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சான்றிதழ் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். வகுப்பில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தோம், எக்செல் சொல்லிக்கொடுத்தோம், ஆன்லைன் விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று காட்டினோம். ஆனால் ஒரு பாடத்தை மட்டும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டோம். ஃபைல், ஃபோல்டர். "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று தாண்டிப் போய்விட்டேன். அது என் தவறு. இன்றைக்கு அதைப் பற்றி மட்டும்தான் பேசப் போகிறேன். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அத்தா நான்கு வருடங்களுக்கு முன் மவுத்தாகிவிட்டார். தேங்காய் வியாபாரம் செய்தவர். எதையும் பத்திரமாக வைப்பவர். நான் ஸ்கேனர் வாங்கிக் கொடுத்த பிறகு, ரேஷன் கார்டு முதல் நிலப் பத்திரம் வரை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குது, ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார்.

அவர் போன பிறகு வாரிசுச் சான்று எடுக்க வேண்டும், வங்கிக்குப் போக வேண்டும், பட்டா மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். திரை முழுக்கப் படங்கள். 'ஸ்கேன் 001' என்பதில் தொடங்கி 'ஸ்கேன் 214' வரை. அதற்கு நடுவில் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'நியூ ஃபோல்டர் 3'. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற நான், இரண்டு ராத்திரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இத்தாவில் இருந்த அம்மா, உள் அறையிலிருந்து "கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டாவது ராத்திரி, ஒரு ஃபோல்டருக்குள் இருந்த இன்னொரு ஃபோல்டரில், நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் கிடைத்தது. அத்தாவின் கையெழுத்து. இன்னாரிடம் இவ்வளவு கடன், இந்தத் தேதியில் வாங்கியது, பாதி கொடுத்தாகிவிட்டது, மீதி இவ்வளவு. எங்களுக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது. ஜனாஸா தொழுகைக்கு முன்னால், "அத்தா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்" என்று வழக்கம்போல் அறிவித்திருந்தோம். யாரும் சொல்லவில்லை. கடன் கொடுத்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "அந்த நேரத்துல எப்படிப்பா கேக்கறது?" என்றார்.

கடனை அடைத்த பிறகுதான் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். என் தம்பி, "பழைய கம்ப்யூட்டர்தானே, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம்" என்று அந்த வாரமே சொன்னான். போட்டிருந்தால் அந்தச் சீட்டும் போயிருக்கும், அத்தாவின் கடனும் அவர் மேலேயே நின்றிருக்கும்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். அத்தா எழுதித்தான் வைத்திருந்தார். அதை அவர் இல்லாதபோது இன்னொருவர் எடுக்க வழி வைக்கவில்லை. இன்று நான் சொல்லப் போவதெல்லாம் அந்த வழியைப் பற்றித்தான்.

டெஸ்க்டாப் ஒரு மேஜை

கம்ப்யூட்டரில் ஏன் 'ஃபைல்', 'ஃபோல்டர்', 'டெஸ்க்டாப்' என்று ஆபீஸ் சாமான்களின் பெயர்கள் இருக்கின்றன? 1981இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. நாம் நகல் எடுப்பதற்கே பெயராக வைத்திருக்கிறோமே, அதே ஜெராக்ஸ்தான். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத ஆபீஸ் ஊழியர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, திரையையே ஒரு மேஜையாகக் காட்டினார்கள். மேஜைமேல் காகிதம், காகிதத்தைப் போட்டு வைக்க ஃபோல்டர். பின்னால் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் அதே வழியில் வந்தன.

மேஜையில் என்ன வைப்போம்? இன்றைக்குப் பார்க்க வேண்டிய காகிதத்தை வைப்போம். நிலப் பத்திரத்தை மேஜைமேல் விட்டுவிட்டுத் தூங்கப் போவோமா? பீரோவில் வைத்துப் பூட்டுவோம். கம்ப்யூட்டரில் மட்டும் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைக்கிறோம்.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் தெரிகிற ஃபைல்கள் சாதாரணமாக சி டிரைவில்தான் இருக்கின்றன. டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களும் அப்படியே. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்தால், சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுவார்கள். அதைத்தான் ஃபார்மட் என்கிறோம். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் இப்போது நிறையப் பேர் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டு போகிறார்கள். கொடுக்கும் முன்னால் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் இருப்பதை வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்பார் என்று இருக்காதீர்கள். கேட்டாலும், எது முக்கியம் என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் கம்ப்யூட்டரில் டி டிரைவ் என்று ஒன்று இருந்தால், வீட்டு ஆவணங்களை அங்கே வையுங்கள். ஃபார்மட் செய்யும்போது பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள். ஆனால் அதையே முழுதாக நம்பியும் இருந்துவிடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் பழுதானால் சியும் டியும் சேர்ந்தேதான் போகும்.

குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர்

நம் ஊர்த் தேங்காய்க் களத்தைப் பார்த்திருப்பீர்கள். கொப்பரை ஒரு பக்கம், தொட்டி ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம். வியாபாரி வந்து கேட்டால், களத்துக்காரர் திரும்பிப் பார்க்காமலே கை காட்டுவார். அந்த மாதிரி பிரித்து வைத்தால் போதும்.

டி டிரைவில் 'எங்கள் குடும்பம்' என்று ஒரே ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு ஃபோல்டர். அத்தா, அம்மா, ஆயிஷா, அப்துல்லாஹ் என்று. அவரவர் ஆதார், பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மார்க் ஷீட், டிசி, பாஸ்போர்ட் எல்லாம் அவரவர் ஃபோல்டரில். 'எல்லாருடைய ஆதாரும் ஒரு ஃபோல்டர், எல்லாருடைய மார்க் ஷீட்டும் ஒரு ஃபோல்டர்' என்று பிரிப்பவர்களும் உண்டு. ஆனால் நமக்குத் தேவை எப்படி வருகிறது? 'ஆயிஷாவுக்குக் கல்லூரியில் சேர என்னென்ன வேண்டும்' என்றுதான் வருகிறது. ஆள் பெயரில் இருந்தால் ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும்.

ஆளுக்கு உரியது அல்லாமல் வீட்டுக்குப் பொதுவானவை இருக்கும். அதற்கு மூன்று ஃபோல்டர் போதும். 'வீடு நிலம்' என்பதில் கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது. 'வங்கி இன்சூரன்ஸ்' என்பதில் பாஸ்புக் முதல் பக்கம், பாலிசி. 'கடன்' என்பதில் நாம் கொடுக்க வேண்டியதும் நமக்கு வர வேண்டியதும். இந்த மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். எனக்கு இரண்டு ராத்திரி ஆனது அதற்குத்தான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று ஆழமாகப் போக வேண்டாம். மூன்று அடுக்குக்கு மேல் போனால் நமக்கே வழி மறந்துவிடும். விண்டோஸுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. டிரைவ் பெயரில் தொடங்கி, எல்லா ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்து சாதாரணமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் நகல் எடுக்கும்போதும் திறக்கும்போதும் தகராறு செய்யும்.

பெயரைப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரிய வேண்டும்

போன வருடம் ஒரு தாயார் மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக நம் மையத்துக்கு வந்தார்கள். கடைசி நாள். பென் டிரைவில் வருமானச் சான்று என்று மூன்று ஃபைல்கள். மூன்றின் பெயரும் கேமரா கொடுத்த எண்கள்தான். அவசரத்தில் ஒன்றை ஏற்றினோம். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய சான்று. வருமானச் சான்று சாதாரணமாக ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெண் தகுதி இல்லாதவள் அல்ல. சரியான சான்றும் அதே பென் டிரைவில்தான் இருந்தது. ஏற்றும் முன் திறந்து பார்க்காததில் என் பங்கும் இருக்கிறது.

அதனால் பெயரில் மூன்று விஷயம் இருக்கட்டும். யாருடையது, என்ன ஆவணம், எந்தத் தேதி. 'ஆயிஷா-வருமானச்சான்று-2025-06-14'. இவ்வளவுதான். திறந்து பார்க்கவே வேண்டாம்.

தேதியில் வருடத்தை முதலில் எழுதுங்கள், பிறகு மாதம், பிறகு நாள். கம்ப்யூட்டர் பெயர்களை இடப்பக்கத்திலிருந்து படித்து வரிசைப்படுத்துகிறது. நாளை முதலில் எழுதினால், 2019 ஜனவரி 5ஆம் தேதியும் 2025 மார்ச் 5ஆம் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். வருடம் முதலில் வந்தால் பழையது மேலேயும் புதியது கீழேயுமாகத் தானாகவே வரிசையாகிவிடும். மாதத்தையும் நாளையும் இரண்டு இலக்கமாகவே எழுதுங்கள். ஜூன் என்றால் 06.

தேதிக்கு நடுவில் சாய்வுக்கோடு போட முடியாது. சாய்வுக்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, மேலும் கீழும் புள்ளி வைக்கிற முக்காற்புள்ளி ஆகியவற்றை விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. அதனால் சிறு கோடு போடுகிறோம்.

'புதுசு', 'லேட்டஸ்ட்', 'ஃபைனல்' என்று பெயர் வைக்காதீர்கள். ஃபைனலுக்குப் பிறகு எப்போதும் இன்னொரு ஃபைனல் வரும். தேதி இருந்தால் எது கடைசி என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

பெயர் மாற்றுவது சுலபம். ஃபைலை ஒருமுறை கிளிக் செய்து, கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் எஃப்2 விசையை அழுத்தினால் பெயரை அடிக்கலாம். ஒன்று மட்டும் கவனம். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து பிடிஎஃப், ஜேபிஜி என்று இருந்தால் அதைத் தொட வேண்டாம். எந்த மென்பொருளில் திறப்பது என்று கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

தமிழில் பெயர் வைக்கலாமா?

வகுப்பில் பல சகோதரிகள் கேட்டார்கள். தாராளமாக வைக்கலாம், யூனிகோடில் அடித்தால். நான் பல வருடம் டிடிபி வேலை பார்த்தவன். நிக்காஹ் பத்திரிகையும் ஜமாஅத் நோட்டீஸும் அடித்த அந்தக் காலத்தில் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு ஃபாண்ட். ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். 2010 ஜூனில் நம் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான், தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் வைத்த பெயர் எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும். தேடினாலும் கிடைக்கும்.

பழைய ஃபாண்டில் அடித்த கணக்குகளும் ஜமாஅத் தீர்மானங்களும் உங்களிடம் இருந்தால், அந்த ஃபாண்ட் இருக்கிற கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் திறந்து, பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்த ஃபாண்ட் யாரிடம் இருக்கும்?

இணையத்தில் ஏற்றும் ஃபைலுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னப் பெயர் வையுங்கள். சில அரசுத் தளங்கள் வேறு எழுத்துகளை ஏற்பதில்லை.

பெரிய பிரதியும் சின்னப் பிரதியும்

விண்ணப்பங்களில் அளவுக் கட்டுப்பாடு உண்டு. வேலைக்கான தேர்வு விண்ணப்பங்கள் பலவற்றில் புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள்ளும், கையெழுத்து 10 முதல் 20 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்காக நாம் ஆவணத்தைச் சுருக்குகிறோம். சுருக்கியதை அதே பெயரில் சேமித்துவிட்டால் நல்ல பிரதி போய்விடும். மறுபடி பெரிதாக்கினாலும் எழுத்து தெளியாது.

ஆகவே முதலில் 300 டிபிஐ-யில் தெளிவாக ஸ்கேன் செய்ததை அப்படியே வையுங்கள். அதை நகல் எடுத்து, நகலைத்தான் சுருக்க வேண்டும். சுருக்கியதற்குப் பெயரின் முடிவில் 'சிறியது' என்று சேர்த்துவிடுங்கள். பத்திரத்தில் பின்பக்கம் முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்ய வேண்டும். பல பக்கம் உள்ள கிரயப் பத்திரத்தைப் பக்கத்துக்கு ஒரு படமாக வைக்காமல் ஒரே பிடிஎஃப் ஆக வைப்பது நல்லது. ஒரு பக்கம் தவறிப் போகாது.

2007இல் தமிழக அரசு முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு கொடுத்த பிறகு, நம் பிள்ளைகளின் சாதிச் சான்று மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெரிய பிரதி இருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

நகர்த்துவது, நகல் எடுப்பது, அழிப்பது

ஒரு தம்பி பென் டிரைவோடு பிரிண்ட் எடுக்க வந்தான். திறந்தால் ஒன்றும் வரவில்லை. அவன் கொண்டுவந்தது ஷார்ட்கட். படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் அல்ல, ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் கைகாட்டி மரம். பொள்ளாச்சி என்று எழுதிய பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனால் பொள்ளாச்சி கூடவே வந்துவிடுமா? ஃபைலையே நகல் எடுக்க வேண்டும்.

ஒரே டிரைவுக்குள் ஃபைலை இழுத்துப் போட்டால் அது இடம் மாறும். வேறு டிரைவுக்கோ பென் டிரைவுக்கோ இழுத்தால் நகல் எடுக்கும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றால் கண்ட்ரோல் விசையோடு சி அழுத்தி நகல் எடுங்கள், வி அழுத்தி ஒட்டுங்கள். ஒட்டியதைத் திறந்து பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

டி டிரைவிலோ சி டிரைவிலோ அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், திரும்ப எடுக்கலாம். பென் டிரைவில் இருப்பதை அழித்தால் சாதாரணமாக அது அங்கே போகாது. கம்ப்யூட்டரிலும் ஷிஃப்ட் விசையோடு சேர்த்து டெலீட் அழுத்தினால் அங்கே போகாது. தவறிப்போய் அழித்துவிட்டால் உடனே கண்ட்ரோலோடு இசட் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ குடும்பங்களின் பத்திரங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தண்ணீரில் போயின. மாற்று ஆவணம் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு. உயிர் தப்பியவர்கள் கையில் ஒரு அடையாளச் சீட்டுகூட இல்லை. அங்கேயும் ஆவணங்களுக்காக முகாம் நடந்தது. மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு அது வெகுதூரத்துச் செய்தி அல்ல.

வீட்டுக் காகிதமும் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. ஆகவே 'எங்கள் குடும்பம்' ஃபோல்டருக்கு மொத்தம் மூன்று பிரதி இருக்கட்டும். ஒன்று கம்ப்யூட்டரில். இரண்டாவது, வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நல்ல பென் டிரைவிலோ. மூன்றாவது, வீட்டுக்கு வெளியே. இன்னொரு ஊரில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு பென் டிரைவ் இருக்கலாம். அல்லது கூகுள் டிரைவ் போன்ற இணைய இடத்தில் இருக்கலாம். அங்கே ஜிமெயிலும் போட்டோவும் சேர்த்து 15 ஜிபி வரை இலவசம். குடும்ப ஆவணங்களுக்கு அது தாராளம்.

ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி விட்டுவிடாதீர்கள். 2017 மே மாதம் 'வான்னக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கலாம். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த மாதிரி வைரஸ் வந்தால் சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

2015இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரையும் பயன்படுத்துங்கள். அதில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம் போல சம்பந்தப்பட்ட துறையே நேரடியாக அதில் வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றி வைப்பது வெறும் நகல்தான். ஸ்கேன் செய்துவிட்டோமே என்று அசல் பத்திரத்தை அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது.

அடுத்தவர் ஆவணம் அமானிதம்

பிரௌசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டுவிட்டு வரும்போது, உங்கள் ஆதாரும் பாஸ்புக்கும் அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். எழுந்திருக்கும் முன் அவற்றை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள். மெயிலிலிருந்து வெளியே வந்துவிட்டீர்களா என்று பாருங்கள். ஆதார் எண் முழுதாகத் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலிருந்தே எடுத்துக் கொடுக்கலாம்.

நம் அறக்கட்டளையில் தொண்டு செய்யும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். உதவித்தொகைக்காகவும் பைத்துல்மால் உதவிக்காகவும் ஏழைக் குடும்பங்கள் தங்கள் காகிதங்களை நம் கையில் தருகிறார்கள். அவர்கள் கஷ்டம் முழுக்க அதில் எழுதியிருக்கிறது. வேலை முடிந்த பின் நம் செல்போனிலும் பென் டிரைவிலும் அது மிச்சம் இருக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வைத்தால்தான், எதை அழிக்க வேண்டும் என்றும் நமக்குத் தெரியும்.

இன்னொருவருக்குத் தெரிய வேண்டும்

கடைசியாக ஒன்று. நான் இதுவரை சொன்ன அத்தனையையும் செய்துவிட்டு, அது உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால், என் அத்தா நிலைதான். நம் வீடுகளில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும்தான் இந்த விவரமெல்லாம் வைத்திருக்கிறோம். திடீரென்று ஒன்று நடந்தால் இத்தாவில் இருக்கும் பெண்மணி யாரிடம் போய்க் கேட்பார்? இன்று சான்றிதழ் வாங்கப் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். இந்த வேலையை நீங்களே எடுத்துச் செய்யுங்கள்.

ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். ஆவணங்கள் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கின்றன. வெளி டிஸ்க் எங்கே இருக்கிறது. அசல் பத்திரம் எந்த அலமாரியில் அல்லது எந்த வங்கி லாக்கரில். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும். அந்தத் தாளை பீரோவில் வைத்து, கணவன் மனைவி இருவருக்கும், விவரம் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் காட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அந்தத் தாளில் எழுத வேண்டாம், வாயால் சொல்லுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் முடியாது. இன்று மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 'எங்கள் குடும்பம்' ஃபோல்டரைப் போடுங்கள், ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள், பத்தே பத்து ஆவணத்துக்குச் சரியான பெயர் வையுங்கள். 'கடன்' ஃபோல்டரில் முதல் ஃபைலை வையுங்கள். அடுத்த வாரம் இன்னும் பத்து. சந்தேகம் வந்தால் மையத்துக்கு வாருங்கள், பயிற்சி முடிந்துவிட்டது என்று யாரும் திருப்பி அனுப்பமாட்டோம்.

அம்மா இப்போது அந்தக் கம்ப்யூட்டரைத் தானே திறக்கிறார்கள். போன மாதம் வீட்டு வரி ரசீது தேவைப்பட்டது. நான் வெளியூரில் இருந்தேன். போனில் கேட்டதற்கு, "வீடு நிலத்துல இருந்துச்சு, எடுத்துட்டேன்" என்றார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் நம் குடும்பங்களிலும் பரக்கத் செய்வானாக. கடன் இல்லாத மவுத்தை நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.